பூவுக்குள் தூங்கும் அந்துப்பூச்சி: ஸ்கினியாவைத் தேடிக் கண்டுபிடிக்க முழு வழிகாட்டி

அந்துப்பூச்சி பார்க்க வேண்டுமா, ராத்திரி வெள்ளைத் துணியைக் கட்டி விளக்கைப் போட்டுக் காத்திரு என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். நானும் நியூ ஜெர்சியில் இரண்டு கோடைக்காலம் வீட்டுக் கொல்லையில் கொசுக்கடியோடு அப்படி உட்கார்ந்து பார்த்தேன். ஒரு ஸ்கினியாகூட வரவில்லை. மூன்றாம் ஆண்டு ஜூலையில் ஒருநாள் காலை நடைக்குப் போனபோது, பாதையோரம் ஆளுயரம் வளர்ந்து நின்ற ஒரு களைச்செடியின் மஞ்சள் பூவுக்குள் ரோஜா நிறத்தில் ஏதோ தெரிந்தது. வாடிய இதழ் என்று நினைத்து விரலால் தள்ளப் போனேன். அது காலை மாற்றி வைத்து இன்னும் உள்ளே தள்ளி உட்கார்ந்துகொண்டது.

அன்று புரிந்ததுதான் இந்த வழிகாட்டி முழுவதும். ஸ்கினியாவைப் பார்க்க நினைப்பவர் பூச்சியைத் தேடக் கூடாது, செடியைத் தேட வேண்டும். சரியான செடி, சரியான வாரம், சரியான நேரம் என்று மூன்றும் பொருந்தினால் பூச்சி அங்கேயே இருக்கும். பெரும்பாலும் தூங்கிக்கொண்டிருக்கும்.

தேடப் போவது யாரை?

நாக்டுயிடே என்பது அந்துப்பூச்சிகளில் மிகப் பெரிய குடும்பங்களில் ஒன்று. ஆங்கிலத்தில் இவற்றை ஆந்தையின் பெயரோடு சேர்த்து அழைப்பார்கள். பழுப்பும் சாம்பலுமாக, ராத்திரி விளக்கில் வந்து மோதும் பூச்சிகள்தான் இதில் அதிகம். அந்தக் குடும்பத்துக்குள் ஹீலியோதினே என்று ஒரு துணைக்குடும்பம் இருக்கிறது. அதில் இனங்கள் அதிகமுள்ள பேரினம் ஸ்கினியா. சுமார் 120 இனங்கள். மிகப் பெரும்பாலானவை வட அமெரிக்காவில்தான். அதிலும் டெக்சாஸ், அரிசோனா, கலிஃபோர்னியா பக்கத்து வறண்ட நிலங்களில் வகை அதிகம். பேரினத்துக்கு 1818-இல் பெயர் வைத்தவர் ஜேக்கப் ஹூப்னர் என்ற ஜெர்மானியர்.

இந்தத் துணைக்குடும்பத்தின் இன்னோர் உறுப்பினரை நம் ஊரில் விவசாயம் செய்கிற எல்லோருக்கும் தெரியும். பருத்திக் காய், தக்காளி, துவரை, கொண்டைக்கடலை என்று எதையும் விடாமல் துளைக்கிற பச்சைக் காய்ப்புழுதான் அது. அதற்கு அமெரிக்கன் காய்ப்புழு என்றும் ஒரு பெயர் உண்டு. ஆனால் அது ஆசியா, ஆப்பிரிக்கா, ஐரோப்பா பக்கத்துப் பூச்சி. அமெரிக்காவைச் சேர்ந்ததே இல்லை. யார் வைத்த பெயரோ! அசல் அமெரிக்க உறவுக்காரர் ஸ்கினியா, குணத்தில் நேர் எதிர். காய்ப்புழு கிடைத்ததையெல்லாம் தின்னும். ஸ்கினியாவோ ஒரே ஒரு செடியையோ நெருங்கிய உறவுள்ள இரண்டு மூன்று செடிகளையோதான் தொடும். அதிலும் இலை வேண்டாம், பூவும் விதையும் மட்டும் போதும். அதனால் பயிருக்கு இதனால் தொல்லை இல்லை, பூச்சிமருந்துக்காரர்களும் இதைக் கண்டுகொள்வதில்லை.

வாழ்க்கைச் சுற்று எளியது. தாய்ப்பூச்சி மொட்டுக்குள்ளோ பூங்கொத்தின் இடுக்கிலோ முட்டையைச் செருகும். புழு பூவையும் இளம் விதையையும் தின்று வளரும். வளர்ந்ததும் கீழே இறங்கி மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகும். குளிர்காலம் முழுவதும் அங்கேயே கிடந்து, மறு ஆண்டு தன் செடி பூக்கிற சமயம் பார்த்து மேலே வரும். பெரும்பாலான இனங்களுக்கு ஆண்டுக்கு ஒரே தலைமுறைதான். ஒரு செடிக்கு வருடத்தில் மூன்று நான்கு வாரம் பூ இருக்கிறது என்றால், அந்தப் பூச்சியைப் பார்க்க உங்களுக்கும் அவ்வளவுதான் அவகாசம்.

படி 1: ஒரே ஒரு செடியைத் தேர்ந்தெடுங்கள்

எல்லா இனத்தையும் ஒரே கோடையில் பார்த்துவிடலாம் என்று கிளம்பாதீர்கள். உங்கள் பக்கம் பரவலாக வளர்கிற ஒரு செடியை எடுத்துக்கொள்ளுங்கள்.

கிழக்கு மாநிலங்களிலும் மத்திய மேற்கிலும் இருப்பவர்களுக்கு என் பரிந்துரை ஈவினிங் பிரிம்ரோஸ் என்ற மஞ்சள் பூச்செடி. அதில் இருப்பது ஸ்கினியா ஃப்ளோரிடா. லத்தீனில் அந்தச் சொல்லுக்குப் பூ நிறைந்தது என்று பொருள். மாநிலத்தின் பெயர் என்று நினைத்துத் தெற்கே வண்டியை விடாதீர்கள். நியூ ஜெர்சியிலும் உண்டு, மிச்சிகனிலும் உண்டு, கனடாவின் ஒண்டாரியோவிலும் உண்டு. ரோஜா நிற முன்சிறகு, அதன் வெளி ஓரத்தில் மஞ்சள் பட்டை. இந்தப் பேரினத்தில் முதலில் பார்க்க இதைவிட நல்ல பூச்சி கிடையாது.

கோடை முடிகிற நேரத்தில் தொடங்குகிறீர்கள் என்றால் கோல்டன்ராட் பூங்கொத்துகளில் ஸ்கினியா நண்டினாவைத் தேடலாம். வெள்ளையும் பழுப்பும் கலந்து பறவை எச்சம்போல ஒட்டிக்கொண்டிருக்கும். ஆஸ்டர் பூக்களில் ஸ்கினியா ஆர்சிஜெரா. போன்செட், ஜோ-பை போன்ற யூபடோரியம் வகைச் செடிகளில் பச்சை கலந்த பழுப்பு நிறத்தில் வெள்ளைக் கோடுகளோடு ஸ்கினியா ட்ரைஃபாசியா.

ரேக்வீட் என்ற செடியைச் சொன்னால் அமெரிக்காவில் இருப்பவர்கள் கைக்குட்டையைத் தேடுவார்கள். ஆகஸ்ட், செப்டம்பரில் ஊரையே தும்ம வைக்கிற மகரந்தம் அதனுடையது. நம் ஊர்ப் பார்த்தீனியத்தின் நெருங்கிய உறவு. அழகே இல்லாத பச்சைப் பூக்கதிர். அதையும் விரும்பித் தின்ன ஸ்கினியா ரிவுலோசா இருக்கிறது. எனக்குத் தும்மல் தாங்காது என்பதால் இந்த இனத்தோடு எனக்குப் பழக்கம் குறைவு.

டெக்சாஸ்காரர்களுக்கும் கொலராடோக்காரர்களுக்கும் கெய்லார்டியா என்ற காட்டுப்பூ. அதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

படி 2: செடியைத் தூரத்திலிருந்தே கண்டுகொள்ளப் பழகுங்கள்

ஈவினிங் பிரிம்ரோஸ் இரண்டாண்டுச் செடி. முதல் ஆண்டு தரையோடு ஒட்டிய இலைவட்டம் மட்டும். இரண்டாம் ஆண்டுதான் தண்டு எழும். ஒரு மீட்டரிலிருந்து இரண்டு மீட்டர் வரை போகும். நுனியில் கொத்தாக மொட்டுகள், நான்கு இதழ் மஞ்சள் பூ, பூவின் நடுவே பெருக்கல் குறி போல நான்காகப் பிரிந்த சூல்முடி. அந்தப் பெருக்கல் குறியைப் பார்த்துவிட்டால் அப்புறம் சந்தேகமே வராது.

பீர்க்கம்பூவைப் போல இதுவும் சாயங்காலம் மலர்கிற மஞ்சள் பூ. இருட்டும் நேரத்தில் ஒரு மொட்டின் முன் பொறுமையாக நின்றால் இதழ் விரிவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். மறுநாள் நண்பகலுக்குள் வாடிவிடும்.

ரயில் தடத்தை ஒட்டிய நடைபாதை, உயர் மின்கம்பி செல்லும் வெட்டவெளி, கைவிட்ட வயல், கட்டுமானம் நின்றுபோன மனை, ஆற்றங்கரை மணல் ஆகிய இடங்களில் தேடுங்கள். மண்ணைக் கிளறிப் போட்ட இடம் என்றால் இதற்குக் கொண்டாட்டம். விதை மண்ணுக்குள் மிக நீண்ட காலம் உயிரோடு கிடக்கும். மிச்சிகனில் வில்லியம் பீல் என்ற தாவரவியலாளர் 1879-இல் பல வகை விதைகளைப் போத்தல்களில் போட்டுப் புதைத்து வைத்தார். 80 ஆண்டுகள் கழித்துத் தோண்டியெடுத்தபோது முளைத்தவை மூன்றே வகை. அவற்றில் ஒன்று இது.

குளிர்காலத்திலேயே இடம் பார்த்து வைப்பது நல்லது. காய்ந்த தண்டும், நுனியில் நான்காக வெடித்த காய்களும் பனிக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும். சென்ற ஆண்டுக் காயில் துளை இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் அதே செடி மறுபடி பூக்காது. பக்கத்தில் இலைவட்டங்கள் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

படி 3: வாரமும் மணியும்

ஃப்ளோரிடாவுக்கு ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை. என் பக்கத்தில் ஜூலை நடுவில் போனால் ஏமாற்றம் குறைவு. நண்டினா, ஆர்சிஜெரா, ட்ரைஃபாசியா மூன்றும் ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை. ரிவுலோசா ஆகஸ்டும் செப்டம்பரும். இடத்துக்கு இடம் இவை மாறும் என்பதால் நாட்காட்டியை நம்பாமல் பூவை நம்புங்கள். செடியில் மொட்டும் பூவும் இளங்காயும் ஒன்றாக இருக்கும் கட்டம்தான் சரியான கட்டம்.

மணி என்றால் காலை ஏழிலிருந்து பத்து. பூச்சி இரவெல்லாம் சுற்றிவிட்டுப் பூவுக்குள் நுழைந்து படுத்திருக்கும். பூவும் இன்னும் வாடியிருக்காது. மேகமூட்டமான நாளில் பூக்கள் இன்னும் கொஞ்ச நேரம் திறந்திருக்கும். பதினொன்றுக்கு மேல் இதழ்கள் சுருங்கிப் பூச்சியை மூடிக்கொள்ளும். அப்போதும் அது அங்கேதான் இருக்கும், உங்கள் கண்ணுக்குத்தான் தெரியாது.

படி 4: பூவுக்குள் பார்ப்பது

இங்கேதான் முக்கால்வாசிப் பேர் தவறவிடுகிறார்கள். நானும் எத்தனை முறை அதே பாதையில் அதே செடிகளைக் கடந்து போயிருக்கிறேன் என்று யோசித்தால் வெட்கமாக இருக்கிறது.

பூச்சி சிறியது. ஃப்ளோரிடாவின் சிறகு விரித்த அகலமே 3 செ.மீ. அளவுதான், உட்கார்ந்திருக்கும்போது சிறகைக் கூரைபோல மடித்துக்கொள்ளும். தலையைப் பூவின் அடிக்குள் விட்டு, சிறகின் மஞ்சள் ஓரம் மட்டும் வெளியே தெரிகிற மாதிரி உட்காரும். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு அது இன்னோர் இதழ். ரோஜா நிறம் இருக்கிறதே, அது தெரிந்தால் காட்டிக்கொடுக்காதா என்று கேட்கலாம். இந்தப் பூ வாடும்போது இதழில் செம்மை ஏறும். மொட்டை மூடிய புல்லி இதழ்களிலும் தண்டிலும்கூடச் சிவப்பு ஓடியிருக்கும். ரோஜாவும் மஞ்சளும் கலந்த பூச்சி அந்தக் கொத்துக்குள் எங்கே இருந்தாலும் பொருந்திப்போகும்.

எனவே செடியிலிருந்து ஓரடி தள்ளி நின்று பொதுவாகப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு கொத்தாக எடுத்து, பூவின் வாயை நேராகப் பாருங்கள். நான்கு இதழுக்குப் பதில் ஐந்தாக ஏதாவது தெரிகிறதா? பெருக்கல் குறி மறைந்திருக்கிறதா? பிறகு முந்தைய நாள் பூத்துத் தொங்கும் வாடிய பூக்கள். அப்புறம் கொத்தின் அடியில் இலைக்கும் காய்க்கும் இடையிலுள்ள சந்து. ஒரு செடிக்கு ஒரு நிமிடம் போதும். ஐம்பது செடியாவது பார்க்காமல் "இங்கே இல்லை" என்று முடிவுகட்ட வேண்டாம்.

தண்டைப் பிடித்து வளைக்காதீர்கள். அதிர்ந்தால் பூச்சி பொத்தென்று கீழே விழுந்து புல்லுக்குள் போய்விடும், அப்புறம் கிடைக்காது. உங்கள் நிழல் பூவின்மேல் திடீரென்று விழுவதும் நல்லதல்ல. மற்றபடி இது நல்ல தூக்கக்காரன். கைபேசியை ஒரு சாண் தூரத்துக்குக் கொண்டுபோனாலும் பெரும்பாலும் அசையாது.

இன்னொன்று. பூவில் அந்துப்பூச்சி ஒன்று அசாதாரணமாகச் சரிந்து, சிறகு கோணலாகக் கிடந்தால் கையை நீட்டும் முன் அடியில் பாருங்கள். மஞ்சள் பூவில் மஞ்சளாகவும் வெள்ளைப் பூவில் வெள்ளையாகவும் நிறம் மாற்றிக்கொள்கிற நண்டுச் சிலந்தி அதன் கழுத்தைப் பிடித்திருக்கும். கோல்டன்ராடில் பதுங்குப் பூச்சி என்று சொல்லத்தக்க ஒரு நாவாய்ப்பூச்சியும் இதே வேலையைச் செய்கிறது. ஒளிந்துகொள்ளப் பூவைத் தேர்ந்தெடுத்தது ஸ்கினியா மட்டும் அல்லவே.

கெய்லார்டியாவைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். கொலராடோவில் ராக்கி மலையடிவாரப் புல்வெளிகளில் பூக்கும் கெய்லார்டியா அரிஸ்டேட்டாவின் நடுவட்டம் செம்பழுப்பு, சுற்று இதழ் மஞ்சள். அதில் வாழும் ஸ்கினியா மேசோனிக்குத் தலையும் மார்பும் மஞ்சள், சிறகு செந்நிறம். சிறகு நடுவட்டத்தின் மேலும் தலை சுற்று இதழின் மேலும் வருமாறு உட்கார்ந்துவிட்டால் பூச்சி இருந்த இடமே தெரியாது. நிறம் மட்டும் ஒத்துப்போவது பல பூச்சிகளிடம் உண்டு. எந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பது என்பதும் சேர்ந்து ஒத்துப்போவதுதான் இதில் வியப்பு. டெக்சாஸ் சாலையோரங்களில் ஏப்ரல், மே மாதங்களில் சிவந்து கிடக்கிற கெய்லார்டியா புல்கெல்லாவில் இதன் உறவான ஸ்கினியா வாலூப்பியாவைத் தேடலாம். அதுவும் பூவைப் போலவே சிவப்பு.

எல்லா ஸ்கினியாவும் பகலில் தூங்குவதில்லை. பட்டப்பகலில் வெயிலில் பறக்கிற இனங்களும் உண்டு. கனடாவைச் சேர்ந்த டேவிட் ஹார்ட்விக் 1958-லேயே இந்தப் பேரினத்தில் நீள்வட்டக் கண் கொண்ட இனங்களைத் தனியாக எடுத்து ஆராய்ந்தார். பகலில் பறப்பவற்றுக்குக் கண் சிறியதாகவும் நீள்வட்டமாகவும் இருக்கும், இரவில் பறப்பவற்றுக்குப் பெரிய உருண்டைக் கண். கிட்டத்தில் எடுத்த நல்ல படம் கையில் இருந்தால் கண்ணைப் பார்த்தே பூச்சியின் வேலை நேரத்தைச் சொல்லிவிடலாம்.

படி 5: பூச்சி இல்லையென்றால் புழு

வாரம் தப்பிவிட்டதா? ஃப்ளோரிடாவின் புழு பச்சை நிறம், மொட்டோடும் காயோடும் ஒன்றிக் கிடக்கும். மொட்டின் பக்கவாட்டில் வட்டத் துளை, துளையருகே சிறு உருண்டைகளாக எச்சம், பாதி உடம்பு உள்ளேயும் பாதி வெளியேயும் நீட்டிக்கொண்டு ஒரு பச்சைப் புழு. இதைப் பார்த்தால் தக்காளித் தோட்டம் வைத்தவர்களுக்கு உடனே பழைய பகை ஞாபகம் வரும். ஒரே குடும்பத்துப் பழக்கம்.

ஆனால் இதழ் கந்தலாகக் கிடப்பதையெல்லாம் ஸ்கினியாவின் கணக்கில் எழுதாதீர்கள். ஜூலையில் பூவைக் கூட்டமாக மேய்வது ஜப்பானிய வண்டு. அமெரிக்காவில் அது முதன்முதலில் கண்டறியப்பட்டதே 1916-இல் நியூ ஜெர்சியின் ரிவர்டனில்தான், எங்கள் மாநிலத்தின் பெருமை. இலையில் சல்லடைபோலப் பொடித் துளைகள் இருந்தால் தெள்ளு வண்டு. மொட்டுக்குள் அரிசியளவே உள்ள நுண்புழு இருந்தால் அது மோம்ஃபா என்ற வேறொரு குட்டி அந்துப்பூச்சி.

படி 6: எந்த இனம்?

செடியின் பெயர் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. அதனால் படம் எடுக்கும்போது பூச்சியை மட்டும் நெருக்கி எடுத்துவிட்டு வராதீர்கள். பூச்சியின் முதுகு ஒன்று, பக்கவாட்டு ஒன்று, செடி முழுவதும் தெரிய ஒன்று, இலையும் காயும் தெரிய ஒன்று. கைபேசியில் மாட்டுகிற சின்ன மேக்ரோ லென்ஸ் போதும். பெரிய கேமரா இருந்தால் சந்தோஷம், இல்லையென்றாலும் குறையில்லை.

ரோஜாவும் மஞ்சளும் என்றதும் பலர் ரோஸி மேப்பிள் அந்துப்பூச்சியோடு குழப்பிக்கொள்வார்கள். அது பட்டுப்பூச்சி வகையைச் சேர்ந்தது, உடம்பெல்லாம் பஞ்சுபோல மயிர், அளவில் பெரியது, வாசல் விளக்குக்கு வரும். பூவுக்குள் தலையை விட்டுத் தூங்காது.

ஆர்சிஜெராவில் ஆணும் பெண்ணும் இரு வேறு இனம்போலத் தெரியும். முன்சிறகு இரண்டுக்கும் ஒன்றுதான். பின்சிறகில் ஆணுக்கு மஞ்சளும் கருப்பு ஓரமும், பெண்ணுக்கு முழுக்கக் கருப்பு. ரேக்வீட் ஸ்கினியாக்களில் ரிவுலோசாவையும் தொரோயியையும் பிரிப்பது கொஞ்சம் சிரமம். தொரோயி ராட்சத ரேக்வீட் செடியில் இருக்கும், நிறமும் மஞ்சளோடிய வெளிர்ப்பழுப்பு. ரிவுலோசாவில் சாம்பலும் அடர்பழுப்பும் மாறிமாறிப் பட்டையாக வரும். தேய்ந்த சிறகோடு வந்த பூச்சி என்றால் பேரினத்தோடு நிறுத்திக்கொள்வது மானத்துக்கு நல்லது.

படத்தை ஐநேச்சுரலிஸ்ட் என்ற உயிரினப் பதிவுத் தளத்தில் ஏற்றும்போது செடிக்கும் தனிப் பதிவு போட்டுவிடுங்கள். குறிப்பில் எந்தச் செடியின் எந்தப் பாகத்தில் இருந்தது, என்ன மணி, எத்தனை செடி பார்த்தீர்கள் என்று எழுதுங்கள். ஒன்றும் கிடைக்காத நாளில்கூட எத்தனை செடி பார்த்தோம் என்பதைச் சொந்த நோட்டில் குறித்து வைத்தால் அடுத்த ஆண்டு உதவும்.

படி 7: விளக்கு

விளக்கை நான் கேலி செய்தாலும், இரவில் பறக்கும் ஸ்கினியாக்கள் புற ஊதா விளக்குக்கு வருவதுண்டு. ஒரே நிபந்தனை, விளக்கைச் செடியிருக்கும் இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். புல்வெட்டிய கொல்லையில் விளக்கைப் போட்டுவிட்டு இவற்றை எதிர்பார்த்தது என் முட்டாள்தனம். ஜூலையின் கடைசி முழு வாரத்தில் தேசிய அந்துப்பூச்சி வாரம் நடக்கும். 2012-இல் நியூ ஜெர்சியின் ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் தொடங்கியது, இப்போது பல நாடுகளில் கொண்டாடுகிறார்கள். அந்த வாரம் பொதுப் பூங்காக்களில் துணி கட்டி விளக்குப் போடுவார்கள். குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போகலாம், சொந்தமாக விளக்கு வாங்கும் செலவு மிச்சம்.

கால் வைக்கும் முன்

இது இல்லாமல் வழிகாட்டி முழுமையாகாது. ஸ்கினியா இருக்கிற புதரில்தான் உண்ணியும் இருக்கும். கறுப்புக்கால் உண்ணி லைம் நோயைப் பரப்பும், கிழக்கு மாநிலங்களில் இது சாதாரண விஷயம் இல்லை. முழுக்கால்சட்டையைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள், வீட்டுக்கு வந்ததும் முழங்கால் மடிப்பு, அக்குள், காதின் பின்புறம் என்று தடவிப் பாருங்கள். பாய்சன் ஐவியையும் கற்றுக்கொள்ளுங்கள். ஒரு காம்பில் மூன்று இலை, தொட்டால் இரண்டு வாரம் அரிப்பு. மாநில, தேசியப் பூங்காக்களில் அனுமதியில்லாமல் பூவோ புழுவோ பறிக்கக் கூடாது.

சில இனங்களைத் தொடவே கூடாது. ஃபிளாக்ஸ் (phlox) என்ற காட்டுப்பூவின் நிறத்திலேயே இருக்கும் ஸ்கினியா இண்டியானா 2 செ.மீ.கூட எட்டாத குட்டி. மே, ஜூனில் பகலில் பறக்கும். விஸ்கான்சினும் மிச்சிகனும் அதை அழியும் ஆபத்தில் உள்ள இனமாகப் பட்டியலிட்டிருக்கின்றன. கனடாவில் ஸ்கினியா அவெமென்சிஸ் அதே நிலையில் இருக்கிறது. காற்றில் நகரும் மணல்மேட்டின் ஓரத்தில் முளைக்கிற காட்டுச் சூரியகாந்திதான் அதன் உணவு. மணலில் புல் பிடித்து மேடு நகராமல் நின்றுபோவதே அதற்கு ஆபத்து. நாம் வழக்கமாக நினைப்பதற்குத் தலைகீழ், பசுமை வந்தால் பூச்சி போய்விடும். மானிடோபாவிலிருந்த அவீம் என்ற ஊரின் பெயர்தான் இனப்பெயரில் இருக்கிறது. இப்படிப்பட்டவற்றைப் பார்த்தால் படம் எடுத்துக்கொண்டு விலகிவிடுங்கள், பதிவேற்றும்போது இடத்தைத் துல்லியமாகக் காட்டாதபடி மறைத்துவிடுங்கள். செடியைச் சுற்றி மிதிப்பதும் கூடாது, கூட்டுப்புழு உங்கள் காலடி மண்ணில்தான் இருக்கிறது.

தோட்டத்தில் வரவழைக்க

ஈவினிங் பிரிம்ரோஸ் விதையை இலையுதிர்காலத்தில் மண்ணின் மேலேயே தூவிவிடுங்கள். வெளிச்சம் வேண்டும், குளிரும் வேண்டும், ஆழப் புதைத்தால் முளைக்காது. முதல் ஆண்டு இலைவட்டத்தைக் களை என்று பிடுங்கிவிடாமல் இருப்பதுதான் பெரிய சோதனை. தொடர்ந்து பூ வேண்டுமானால் இரண்டு ஆண்டு அடுத்தடுத்து விதைக்க வேண்டும். பூத்து முடிந்த தண்டை வசந்தம் வரை நிற்க விடுங்கள், அடியில் மண்ணைக் கொத்தாதீர்கள், மரத்தூள் மூடாக்கும் போடாதீர்கள். மான் கடித்தால் செடி கிளைத்து வளரும், கவலை வேண்டாம். என்னைச் செடியைவிட அதிகம் படுத்தியது வீட்டு முன் "களை" உயரமாக வளர்ந்திருப்பதாக வந்த அறிவிப்புக் கடிதம். செடியைச் சுற்றி நான்கு கல்லை அடுக்கி ஒரு பெயர்ப்பலகை நட்டேன். பலகை வைத்ததும் களை தோட்டமாகிவிட்டது, கடிதமும் நின்றுவிட்டது.

வளர்த்துப் பார்க்க

உங்கள் தோட்டத்துப் புழு, பரவலாக உள்ள இனம், இரண்டு மூன்று மட்டும் என்றால் வளர்த்துப் பார்க்கலாம். மூடியில் ஊசித்துளை போட்ட பிளாஸ்டிக் டப்பா, அடியில் காகிதத் துவாலை, தினமும் புது மொட்டும் இளங்காயும். ஒரு டப்பாவுக்கு ஒரே ஒரு புழு, இந்தக் குடும்பத்தில் ஒன்றையொன்று கடிக்கிற வழக்கம் உண்டு. பூஞ்சணம் பிடித்தால் எல்லாம் போய்விடும், அதனால் ஈரத்தைவிட உலர்வுப் பக்கம் சாய்ந்திருப்பது மேல்.

புழு தின்பதை நிறுத்தி டப்பாவைச் சுற்றிச் சுற்றி ஓடத் தொடங்கினால், மணலும் பீட் என்ற மக்கிய பாசியும் கலந்த லேசான ஈரமண்ணை நான்கு விரல் ஆழத்துக்கு நிரப்பிய வேறு டப்பாவில் விடுங்கள். ஒரே நாளில் மறைந்துவிடும். அதற்குப்பின் தோண்டிப் பார்க்கிற ஆசையை அடக்க வேண்டும். குளிர்காலம் முழுவதும் சூடேற்றாத கொட்டகையிலோ கார் நிறுத்துமிடத்திலோ இருக்கட்டும். வீட்டுக்குள் வைத்தால் குளிர் கிடைக்காமல் காலம் தப்பி வெளியே வரும், அல்லது வராமலே போகும். மாதம் ஒருமுறை இரண்டு சொட்டுத் தண்ணீர் போதும்.

மே முடிந்ததும் டப்பாவுக்குள் ஒரு குச்சியைச் சாய்த்து வையுங்கள். மண்ணிலிருந்து வரும் பூச்சி ஏறித் தொங்கிச் சிறகை விரிக்கப் பிடிமானம் வேண்டும். சில சமயம் பூச்சிக்குப் பதில் ஒரு ஈயோ குளவியோ வரும். புழு உங்கள் கைக்கு வரும் முன்பே ஒட்டுண்ணி முட்டையிட்டிருக்கிறது என்று அர்த்தம். அதையும் படம் எடுத்துப் பதியுங்கள், அந்தத் தகவலுக்கும் மதிப்பு உண்டு.

ஒன்றுமே வரவில்லை என்றாலும் மண்ணைக் கொட்டிவிடாதீர்கள். ஸ்கினியாவில் சில கூட்டுப்புழுக்கள் ஒரு கோடையைத் தாண்டி மறு குளிர்காலமும் மண்ணிலேயே படுத்துவிடும். என் கொட்டகையில் போன ஆண்டு வைத்த நான்கு டப்பாக்களில் இரண்டிலிருந்து பூச்சி வந்தது, ஒன்றிலிருந்து ஈ வந்தது. நான்காவதற்கு இந்த ஜூனிலும் ஒரு குச்சி சாய்த்து வைத்திருக்கிறேன்.